லைந்தா மேட்டுக்கு வந்த மாடுகள்

லைந்தா,
4 ஆகஸ்ட் 1988

தங்கச்சி காஹிக்கு,

வெற்றிலை மடித்து வைத்திருக்கிறேன், பாக்கும் இளசு. முதலில் வாயில் போட்டுக்கொள், பிறகு படி. அண்ணனைத் திட்ட வேண்டுமென்றால் துப்பிவிட்டுத் திட்டு.

இங்கே எல்லோரும் சுகம். சோளம் சுமார்தான். போன கடிதத்தில் மேட்டுப் புல்லைப் பற்றி நாலு வரி கேட்டிருந்தாய், என்னைப் பற்றி அரை வரி. உன் அண்ணி படித்துவிட்டுச் சிரிக்கிறாள். சரி, புல்லைச் சொல்கிறேன். கீழ்ச்சரிவுக்குப் போன மாதம் தீ வைத்தேன். ஒன்பதாம் நாளே ஊசிப்புல் பச்சை குத்திவிட்டது, குதிரைகள் அதைவிட்டு நகர மாட்டேன் என்கின்றன. ஓடைப் பக்கத்துத் தர்ப்பை இடுப்பளவு நிற்கிறது. அடுத்த வருஷம் பெரிய வீட்டுக் கூரையை அதில் மாற்றிவிடலாம். உச்சியில் நிற்கும் செங்கதிர்ப் புல்லில் மட்டும் ஒரு வாய் வைக்க எதையும் விடவில்லை. அது உன் மாடுகளுக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்காக உன் புகுந்த வீட்டார் தர வேண்டிய மாடுகளில் இரண்டாம் பங்கு மழைக்கு முன் வந்தாக வேண்டும். போன தடவை வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. தொழுவத்தில் ஊரே கூடி நிற்கிறது, குடு மாமா ஒரு மாட்டின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது மாடா, கூரைச் சட்டமா? நம்ம புள்ளய இதுக்கா குடுத்தோம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்ன செய்ய. உள்ளுக்குள் தீயாய் எரிந்தது.

எண்ணிக்கையில் ஒன்றிரண்டு குறைந்தால்கூடப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் மாடு மாடாக வரட்டும். மாப்பிள்ளை விண்டியிடம் பக்குவமாகச் சொல். என் தங்கச்சியின் பெயரில் வரும் மாட்டை இனி ஒருத்தனும் எலும்பு எண்ணக் கூடாது.

உன் அண்ணன்,
உம்பு ரிஹி

*

வாய்ஜாரா,
19 செப்டம்பர் 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டேன். காரம் கொஞ்சம் அதிகம். என் வெற்றிலையை நீங்கள் பொறுமையாக மெல்லுங்கள்.

பெண் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கு வாய் நீளம் என்று என் மாமியார் சொல்வார். உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டவில்லை. எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். "என்னவாம் ஒங்கண்ணனுக்கு? மாடு மெலிஞ்சா மானம் போகுதாமா? இங்க வந்து கடலுத் தண்ணியக் குடிச்சு மாடு வளத்துப் பாக்கச் சொல்லு" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான், அண்ணா. இங்கே பங்குனி வெயில் மாதிரி வருஷம் முழுக்க வெயில். லைந்தா மேட்டில் நான் காலால் மிதித்துத் தள்ளிய புல் இங்கே இருந்தால் அதைக் கும்பிடுவார்கள்.

இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளம் நான்தான். அங்கே என் பெயரில் சிரிக்கிறார்கள், இங்கே என் அண்ணன் பெயரில் சிரிக்கிறார்கள்.

இந்தத் தடவை மாட்டை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு கைவைத்தியம் தெரியும். என்னவென்று சொல்ல மாட்டேன், சொன்னால் குடு மாமா அதற்கும் ஒரு சொல் வைத்திருப்பார். அக்டோபர் கடைசியில் மாடுகள் வரும். விலாவைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
காஹி

*

லைந்தா,
2 நவம்பர் 1988

என் தங்கமே,

இரண்டு வெற்றிலையாகப் போட்டுக்கொள், ஒன்று என் சார்பில், ஒன்று மேட்டின் சார்பில்.

வந்தது பார் மாடு! வெள்ளை வெளேரென்று பதினெட்டு ஒங்கோல். திமில் ஒவ்வொன்றும் சோற்றுப் பானை அளவு, கழுத்துத் தொங்கல் முழங்காலைத் தொடுகிறது. குடு மாமா தொழுவத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். கையை நீட்டினார், மடக்கினார். "என்ன மாமா, எலும்பு கெடைக்கலியா?" என்றேன். "போடா, ஒந்தங்கச்சி மாட்டுக்கு எதையோ ஊதி வுட்டுருக்கா" என்றார். அன்றைக்கு நான் குடித்த கள்ளுக்கு உன் அண்ணி மூன்று நாள் பேசவில்லை.

வழக்கப்படி நேராக உச்சிக்கு ஓட்டிவிட்டேன். பெண்ணுக்கு வந்த மாடு முதல் மழை முடியும் வரை மேட்டின் தலையில்தான் படுக்க வேண்டும், அதைக் கட்டக் கூடாது, விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது. அப்பா காலத்தில் உன் அத்தைக்கு வந்த எருமைகளும் அங்கேதான் படுத்தன. செங்கதிர்ப் புல்லில் அவை கழுத்து வரை முங்கி நிற்பதைச் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பார்க்கப் பார்க்க உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கைவைத்தியத்தை இனியாவது சொல்லேன்.

பூரிப்போடு,
அண்ணன் ரிஹி

*

லைந்தா,
11 பிப்ரவரி 1990

தங்கச்சிக்கு,

வெற்றிலை எடுத்துக்கொள். மருமகன் தவழ்கிறானாமே, அவன் நாக்கில் கொஞ்சம் சாறு தடவு.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். உச்சியில் புதிதாக ஒரு செடி முளைத்திருக்கிறது. எனக்குத் தெரியாத புல் பூண்டு இந்த மேட்டில் கிடையாது என்று உனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியவில்லை. இலை புளிய இலை மாதிரிப் பொடிப்பொடியாக, ஆனால் கணுவுக்குக் கணு வெள்ளை முள், ஊசி நீளம். உன் மாடுகள் படுத்த இடத்தில்தான் இருக்கிறது, பழைய சாணி கிடந்த இடமெல்லாம் கொத்துக் கொத்தாக. எண்ணிப் பார்த்தால் ஐம்பது அறுபது இருக்கும். முழங்கால் உயரம்கூட இல்லை.

அதன் அடியில் புல் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கிளை நுனியை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன், முள் குத்தும், பார்த்துப் பிரி. உங்கள் கரைப் பக்கம் இந்த மாதிரி உண்டா? இதன் குணம் என்ன? மாமியாரிடம் காட்டிக் கேட்டுச் சொல், அவருக்குத் தெரியாதது இல்லை. பிடுங்குவதா, விடுவதா என்று நீ எழுதுவதைப் பார்த்துச் செய்கிறேன். பதில் வராவிட்டால் ஆகஸ்டில் உச்சிக்கும் சேர்த்துத் தீ வைத்துவிடுவேன். தீக்குத் தப்பும் களை இந்த மேட்டில் எது.

உன் அண்ணன்,
ரிஹி

*

வாய்ஜாரா,
30 மார்ச் 1990

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் வெற்றிலையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பையன் இப்போது எழுந்து நிற்கிறான். நின்றதும் கையைத் தட்டுகிறான், தட்டியதும் விழுகிறான். அவருக்கு இருமல். மாமியார் ஒரு பெரிய துணி நெய்யச் சொல்லித் தறியில் உட்கார வைத்திருக்கிறார். குதிரை உருவம் போட்டிருக்கிறேன், நூல் சாயம் இந்தத் தடவை நன்றாகப் பிடித்திருக்கிறது. அண்ணிக்கு ஒன்று அனுப்புகிறேன்.

நீங்கள் வைத்த இலை வழியிலேயே உதிர்ந்து தூளாகிவிட்டது. என்னவென்று தெரியவில்லை. ஏதாவது காட்டுச் செடியாக இருக்கும்.

ஆனால் இந்த வருஷம் உச்சிக்குத் தீ வைக்காதீர்களேன். மாடு படுத்த இடம், பாவம் என்று தோன்றுகிறது. கையால் பிடுங்கினால் போதாதா?

தங்கை,
காஹி

*

லைந்தா,
20 ஜனவரி 1991

காஹிக்கு,

வெற்றிலை வைத்திருக்கிறேன். என்னுடையதில் இன்று ருசியில்லை.

நீ வேண்டாம் என்று எழுதியதைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் காரணம் ஒன்றும் சொல்லவில்லையே? மாடு படுத்த இடம் பாவம் என்றாய். பெண்பிள்ளை மனசு என்று நினைத்துக்கொண்டு ஆகஸ்டில் தீ வைத்தேன். நன்றாக எரிந்தது. டிசம்பரில் முதல் மழை விழுந்து பத்து நாளில் மேட்டில் ஏறினேன். நாற்றங்கால், காஹி. சோளம் விதைத்தால்கூட அப்படி முளைக்காது. அறுபது இருந்த இடத்தில் கண் போகும் தூரம் வரை அதே பொடி இலை, அதே வெள்ளை முள். மாடுகள் வந்த புதிதில் எங்கெல்லாம் இறங்கி மேய்ந்தனவோ அங்கெல்லாம். கருகிய தூரிலிருந்து பழசும் துளிர்த்திருக்கிறது. ஆள் விட்டுப் பிடுங்கினோம். கை கிழிந்ததுதான் மிச்சம், வேர் ஆழத்துக்குப் போகிறது.

தானாக வருமா இத்தனை? யாரோ விதைத்திருக்கிறான். கீழ்ப்பள்ளத்துத் தாமுவின் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு இந்த மேட்டின் மேல் கண். நேரே போய்க் கேட்டேன்.

"ஐயா, நா எதுக்கு முள்ள வெதைக்கணும்? எம் மாடும் அங்கதான மேயுது. எம் புள்ள காலு குத்திச் சீழ் வச்சுக் கெடக்கு, வந்து பாருங்க" என்றான்.

"பசப்பாத. ஒங்க தாத்தன் வாயாலயே சொன்னவன், இந்த மேடு எங்களுக்கு இல்லன்னா ஒருத்தருக்கும் இல்லன்னு."

"தாத்தன் சொன்னதுக்கு என்னயக் கேட்டா? செத்தவன எழுப்பிக் கேளுங்க."

அந்த வார்த்தையில் எனக்குப் புத்தி கெட்டது. வாசலில் அவன் செவலைக் குதிரை கட்டியிருந்தது. ஊரில் அவனைத் தாமு என்றுகூடக் கூப்பிடுவதில்லை, செவலைக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பு வாளை எடுத்துப் பின்னங்கால் நரம்பில் ஒரே வெட்டு. அது உட்கார்ந்த மாதிரி விழுந்தது. தாமு அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

செய்தது சரிதான் என்று மாமா சொல்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

ரிஹி

*

வாய்ஜாரா,
8 ஏப்ரல் 1991

அண்ணா,

வெற்றிலையை வைக்கிறேன். எடுப்பதும் எடுக்காததும் உங்கள் இஷ்டம். இதற்கு முன் ஏழு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

அந்த இலை உதிரவில்லை. பிரித்ததும் முள் என் விரலில் ஏறியது. பார்த்த உடனே தெரிந்தது. கருவேலம். இங்கே வேலிக்கென்று என் மாமனார் ஜாவாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து நட்ட மரம்.

என் கைவைத்தியம் அதன் நெற்றுதான். மழைக்கு முந்தின வெயிலில் அது கொட்டும், மாடு உயிரை விட்டுத் தின்னும், இருபது நாளில் விலா மூடிவிடும். நானே உலுக்கினேன், நானே அள்ளிப் போட்டேன். மாடு ஓட்டுகிற அன்று மாமியார் வாசலில் வந்து தடுத்தார். "ஏ புள்ள, நெத்து தின்ன மாட்ட ஒரு வாரம் ஊருக்கு வெளிய கட்டிப் போட்டுச் சாணிய எறக்கிட்டுத்தான் ஓட்டணும். கொட்ட வயித்துல கரையாது. எங்க போடுதோ அங்க மொளைக்கும்" என்றார். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. ஒரு வாரம் வெறும் வயிற்றில் கட்டிப் போட்டால் மாடு திரும்ப ஒட்டிவிடும், தொழுவத்தில் குடு மாமா கையை நீட்டுவார். அது மட்டும்தான் என் கண்ணில் நின்றது. அப்படியே ஓட்டச் சொன்னேன்.

தீ வைத்தால் அந்தக் கொட்டை வெடித்து முளைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு தடவை எங்கள் வேலி எரிந்து, அடுத்த மழையில் வீட்டு வாசல் வரை வந்தது. தெரிந்தும் எழுதவில்லை. எழுதினால் என் மாட்டால் மேடு கெட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும், உங்கள் பூரிப்பு போய்விடும் என்று பயந்தேன். பயந்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. வெட்கப்பட்டேன்.

தாமு ஒரு பாவமும் அறியாதவர். அந்தக் குதிரையை நான்தான் வெட்டினேன்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், அண்ணா. விலா எலும்பை எண்ணியது நான் இல்லை, நீங்கள்.

காஹி

*

வாய்ஜாரா,
15 ஜூன் 1994

அண்ணாவுக்கு,

மூன்று வருஷமாக நான் வைக்கிற வெற்றிலை அப்படியே காய்கிறது. இது ஐந்தாவது கடிதம்.

அவர் போய்விட்டார். பிப்ரவரியில், அதே இருமல். இந்தச் சேதியாவது லாரிக்காரர் மூலம் உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். நாலு மாதமாக வழக்கப்படி அவர் உடலை வீட்டுக்குள் துணி சுற்றி உட்கார வைத்திருக்கிறோம். கல்லறைக் கல் இழுத்தாகிவிட்டது. வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்து போய்விட்டார்கள். பெண் கொடுத்த வீட்டுத் துணி மேலே விழாமல் அவரைக் கல்லறைக்குத் தூக்க முடியாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் பையனுக்கு இப்போது ஐந்து வயது. தினம் காலையில் அப்பாவுக்குச் சோறு வைத்துவிட்டு, "மாமா இன்னிக்கு வருவாரா?" என்று கேட்கிறான். மாமியார் இப்போதெல்லாம் என்னைத் திட்டுவதில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

நீங்கள் அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. வந்தால் என் கையால் ஒரு வெற்றிலை வாங்கிக்கொள்ளுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை. மன்னிக்கச் சொல்லவில்லை, மெல்லச் சொல்கிறேன்.

உங்கள் தங்கை,
காஹி

*

லைந்தா,
3 ஆகஸ்ட் 1994

ராம்பு காஹி அவர்களுக்கு,

துணி வருகிறது. சடங்குகளில் எனக்காகப் பேசும் எங்கள் வீட்டுப் பேச்சாளர் இரண்டு ஆட்களோடு மூன்று குதிரையில் கொண்டு வருகிறார். அம்மா நெய்து வைத்துவிட்டுப் போனது, எனக்கென்று எடுத்து வைத்திருந்தது. விண்டி நல்ல மனிதர், அவர் காத்திருந்தது என் பாவம். முன்னோர் முன்னால் எங்கள் வீடு குறை வைக்காது. நான் வரவில்லை.

விலா எலும்பை எண்ணியது நான்தான் என்று எழுதியிருந்தாய். உண்மை. மூன்று வருஷமாக அதை மென்று பார்த்தேன், விழுங்க முடியவில்லை. குதிரையை வெட்டியதும் நான்தான், அதை நீ உன் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கறுப்புக் குதிரையைத் தாமுவின் வாசலில் கொண்டுபோய்க் கட்டினேன். "இது வேண்டாங்க, இது உங்க பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான் திரும்பும்" என்று அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டான். அடுத்த நாள் கோடரியோடு வந்து நின்றான். மேட்டில் என்னோடு முள் வெட்டுகிறவன் இன்று அவன் ஒருத்தன்தான்.

நீ நெற்று போட்டதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். சாணி இறங்காமல் ஓட்டியதையும் விட்டுவிடுவேன். நீ ரோஷக்காரி, நம் வீட்டுப் பெண் வேறு எப்படி இருப்பாள்? ஆனால் இலையை உனக்கு அனுப்பினேன், காஹி. முள் குத்தும் பார்த்துப் பிரி என்று எழுதினேன். நீ சொல்வதைப் பார்த்துச் செய்கிறேன் என்றும் எழுதினேன். அன்றைக்கு அறுபது செடி. மழை ஈரம் இருந்தது, நானும் அண்ணியும் ஒரு காலைப் பொழுதில் வேரோடு பிடுங்கியிருப்போம். தூளாகிவிட்டது என்று எழுதினாய்.

மேடு எப்படி இருக்கிறது என்று எப்போதும் முதலில் கேட்பாய். இந்தத் தடவை கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சரிவில் ஊசிப்புல் இல்லை. ஓடையில் தர்ப்பை இல்லை, பெரிய வீட்டுக்குத் தகரம் போட்டாகிவிட்டது. மழை பெய்தால் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது, அதுவும் நல்லதற்குத்தான். மாடுகளை ஒவ்வொன்றாக விற்றேன். உன் பதினெட்டில் கடைசி இரண்டு முள்ளுக்குள் போய் வெளியே வரத் தெரியாமல் செத்தன, நாற்றம் வந்துதான் கண்டுபிடித்தோம். உச்சியில் பத்துப் பாய் விரிக்கும் இடம் அளவுக்குச் செங்கதிர்ப் புல்லை நானும் தாமுவும் மீட்டு வைத்திருக்கிறோம். அதைச் சுற்றித் தினம் நடக்கிறோம். முளை கண்டால் கையால் கெல்லி எடுக்கிறோம். அவ்வளவுதான் மீதி.

பேச்சாளர் உன் வீட்டில் வெற்றிலை வாங்கிக்கொள்வார், அது அவர் மரியாதை. என் பங்கு என்று ஒன்று தனியே மடித்துக் கொடுத்து அனுப்பாதே. இந்தக் கடிதத்தில் நான் வைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

இன்னொன்று. விருந்தாளியின் குதிரைக்குத் தீனி வைக்காமல் அனுப்புவது எந்த வீட்டுக்கும் அவமானம், தெரியும். ஆனாலும் அந்த மூன்று குதிரைகளுக்கும் உன் வாசலில் ஒரு பிடி எதுவும் போட வேண்டாம். வேலி ஓரம் கட்டவும் வேண்டாம். வழிக்கு வேண்டிய புல்லை இங்கிருந்தே கட்டி அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் மட்டும் காட்டு. அவை இங்கே திரும்பி வர வேண்டியவை.

உம்பு ரிஹி